ஒரே எண், இரண்டு ஊர்: ஐபி பதிவேட்டில் மோதும் சப்நெட்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை என்று சாயல்குடி வரை கடலோரத்தில் இருக்கும் ஐஸ் கம்பெனிகள், இறால் பண்ணைகள், லாட்ஜுகள், நண்டு கம்பெனிகள் என முப்பத்துச் சொச்சம் இடங்களின் நெட்வொர்க்கை ராமநாதபுரத்தில் உட்கார்ந்து நாங்கள் நாலு பேர் பார்த்துக்கொள்கிறோம். எந்த இடத்தில் எந்த ஐபி எண் (நெட்வொர்க்கில் ஒரு சாதனத்தின் முகவரி) எந்தச் சாதனத்துக்கு என்று எழுதிவைக்கும் பதிவேடு ஒன்று எங்களிடம் உண்டு. முதலில் எக்செல், இப்போது நெட்பாக்ஸ் என்ற பதிவேட்டு மென்பொருள். "ஒரே சப்நெட் மூணு இடத்துல இருக்கே, இதை எப்படிப் பதிவது?" என்பதுதான் புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் எல்லோரும் முதல் வாரத்தில் கேட்பது. சப்நெட் என்பது அடுத்தடுத்த ஐபி எண்களின் ஒரு தொகுதி. சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது அதன் அளவு: /24 என்றால் 256 எண்கள், அந்த எண் சின்னதாக ஆக ஆகத் தொகுதி பெரிது. கேபிள்காரர்களும், கணினி தெரிந்த வாடிக்கையாளர்களும் இதையே வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறோம்.

எல்லா இடத்திலும் ஏன் 192.168.1.0/24 தான் இருக்கிறது? வேறு எண்ணே கிடைக்கவில்லையா?

எண்ணுக்குப் பஞ்சமே இல்லை. 1996 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதிமுறை ஆவணம், யார் வேண்டுமானாலும் தங்கள் வளாகத்துக்குள் பயன்படுத்திக்கொள்ள மூன்று தொகுதிகளை ஒதுக்கியது. 10.0.0.0/8 இல் 1,67,77,216 எண்கள், 172.16.0.0/12 இல் 10,48,576, 192.168.0.0/16 இல் 65,536. இவற்றை யாரிடமும் கேட்டு வாங்க வேண்டாம். இணையத்தில் இவற்றுக்கு வழியும் கிடையாது.

யாரிடமும் கேட்க வேண்டாம் என்பதால்தான் எல்லோரிடமும் ஒரே எண் இருக்கிறது. ரூட்டர் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று வருகிறது. கேபிள்காரர் அதைச் சுவரில் மாட்டுகிறார், நெட் வருகிறது, அவர் வேலை முடிந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் அதில் தப்பே இல்லை. முப்பது இடத்தையும் ஒரே மேசையிலிருந்து பார்க்கிறவனுக்குத்தான் தலைவலி.

அப்படியானால் ஒரே சப்நெட் இரண்டு இடத்தில் இருப்பது தப்பா, இல்லையா?

தப்பில்லை. எந்த இடத்துச் சப்நெட் என்று சொல்லாமல் எழுதுவதுதான் தப்பு.

நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. ஏர்வாடி என்று இங்கே ஒரு ஊர், திருநெல்வேலி மாவட்டத்தில் இன்னொரு ஊர். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று யாரும் ஒன்றை மாற்றிவிடவில்லை. இங்கே இருப்பதை "ஏர்வாடி தர்கா" என்று சொல்லிப் பழகிக்கொண்டோம், அவ்வளவுதான். முத்துப்பேட்டையும் அப்படியே. பெரியபட்டினத்துக்குப் பக்கத்தில் ஒன்று, அலையாத்திக் காட்டுக்குப் பெயர்போன திருவாரூர் மாவட்டத்தில் ஒன்று. கடிதத்தில் மாவட்டம் எழுதாமல் விட்டால்தான் தபால்காரர் திண்டாடுவார். கீழக்கரைக்குள் நின்றுகொண்டு "முத்துப்பேட்டைக்குப் போகணும்" என்றால் ஆட்டோக்காரர் மாவட்டம் கேட்கமாட்டார். அந்த எல்லைக்குள் ஒன்றுதான் இருக்கிறது.

ஐபி எண்ணும் ஒரு எல்லைக்குள்தான் தனித்தது. ஆகவே பதிவேட்டில் ஒரு சாதனத்தின் அடையாளம் "192.168.1.250" அல்ல, "மண்டபம் ஐஸ் கம்பெனி எல்லையில் 192.168.1.250". இந்த இரட்டையைத்தான் சாவியாக வைக்க வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

சும்மா குறிப்புப் பத்தியில் ஊர்ப் பெயரை எழுதினால் போதாதா?

நாங்களும் அப்படித்தான் இரண்டு வருஷம் ஓட்டினோம். அதன் விலையைச் சொல்கிறேன்.

கீழக்கரையில் ஒரு லாட்ஜ், மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனி. இரண்டு இடத்திலும் ஒரே மாடல் நெட்வொர்க் பவர் ஸ்விட்சை நாங்களே மாட்டியிருந்தோம். தொங்கிப்போன சாதனத்தைத் தூரத்திலிருந்தே அணைத்துப் போடுவதற்கு. இரண்டிலும் முகவரி 192.168.1.250, கடவுச்சொல்லும் ஒன்றே. (ஆமாம், தெரியும்.) லாட்ஜில் மூன்றாவது பிளக்கில் கேமரா ரெக்கார்டர். ஐஸ் கம்பெனியில் மூன்றாவது பிளக்கில் கம்ப்ரசரை ஓட்டும் கண்ட்ரோல் பேனல்.

லாட்ஜ்காரர் கேமரா தெரியவில்லை என்று போன் செய்தார். எங்கள் பையன் எக்செலில் 250 ஐத் தேடினான், வந்த முதல் வரியைப் பார்த்தான், மூன்றாவது பிளக்கை அணைத்துப் போட்டான். அவன் லேப்டாப்பில் அந்த நேரம் திறந்திருந்த விபிஎன் (தூரத்து நெட்வொர்க்குக்குள் போகும் தனிச் சுரங்கம்), மண்டபத்துக்கு. பேனலுக்கு மின்சாரம் திரும்பியது, ஆனால் கம்ப்ரசரைக் கையால்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆபரேட்டர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து பார்ப்பதற்குள் முக்கால் மணி நேரம். அன்று சாயங்காலம் படகுக்காரர்களுக்குப் போக வேண்டிய ஐஸ் பார் நடுவில் உறையாமல் இருந்தது. லாட்ஜில் கேமரா அப்போதும் தெரியவில்லை.

குறிப்புப் பத்தியில் ஊர்ப் பெயர் சரியாகத்தான் இருந்தது. ஆனால் குறிப்பை மனிதன் படித்தால் உண்டு, படிக்காவிட்டால் இல்லை. எல்லை என்பது கட்டாயப் புலமாக, தேடும்போதே கேட்கும் ஒன்றாக இருந்தால்தான் வேலைக்கு ஆகும்.

எது நிஜமான மோதல், எது இல்லை?

பதிவேட்டில் "ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது" என்று தெரிவதில் நாலு வகை கலந்திருக்கும். பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

முதலாவது, பெரியதற்குள் சின்னது. 10.40.8.0/22 என்பது 10.40.8 முதல் 10.40.11 வரை. அதற்குள் 10.40.10.0/24 ஐ இறால் பண்ணையின் கேமராக்களுக்குக் கொடுத்தால் அது மோதல் அல்ல, வகுத்துக் கொடுத்தது. தாத்தா பெயரில் இருக்கும் நிலத்துக்குள் பேரன் வீடு கட்டியது போல. பதிவேடு இதைத் தாய், பிள்ளை என்று காட்ட வேண்டும், சிவப்பில் கத்தக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு கணக்கு தெரிந்திருப்பது நல்லது. சாய்கோடு போட்டு எழுதும் இரண்டு சப்நெட்டுகள் பாதி மட்டும் மோதவே முடியாது. ஒன்று மற்றதற்குள் முழுசாக இருக்கும், அல்லது இரண்டும் ஒட்டாது. ஒவ்வொரு தொகுதியும் இரண்டின் அடுக்கு அளவில், அந்த அளவின் மடங்கில்தான் தொடங்கும் என்பதே காரணம். யாராவது 10.40.9.0/23 என்று எழுதிக் கொடுத்தால் அப்படி ஒரு சப்நெட் கிடையாது. அவர் சொல்ல வந்தது 10.40.8.0/23 தானா என்று திருப்பிக் கேளுங்கள்.

பாதி மோதல் வருவது ரேஞ்சுகளில். டிஎச்சிபி (சாதனங்களுக்குத் தானாக ஐபி எண் கொடுக்கும் ஏற்பாடு) 100 முதல் 200 வரை கொடுக்கிறது என்று ஒருவர் வைத்திருப்பார். கேமரா மாட்ட வந்தவர் 180 முதல் 220 வரை கையால் போட்டிருப்பார். 180 முதல் 200 வரை என்றைக்கு வேண்டுமானாலும் வெடிக்கும். இதுதான் இரண்டாவது வகை, நிஜச் சண்டை. வாடிக்கையாளர் இதை "காலைல நல்லா இருந்துச்சு, ஆள் வந்ததும் போயிடுச்சு" என்று சொல்வார். ஆள் வந்தால் போன் வரும், போன் வந்தால் டிஎச்சிபி எண் கொடுக்கும்.

மூன்றாவது, வேறு வேறு எல்லைகளில் ஒரே சப்நெட். மேலே சொன்ன ஏர்வாடி கதை. தொல்லை இல்லை.

நாலாவது, ஒரே எல்லைக்குள் ஒரே சப்நெட் இரண்டு முறை. இது பெரும்பாலும் தட்டச்சுப் பிழை, அல்லது ஒருவர் எழுதியதைப் பார்க்காமல் இன்னொருவர் எழுதியது. பதிவேடு இதை உள்ளேயே விடக் கூடாது.

விஆர்எஃப் என்கிறார்களே, அதுதானா இந்த எல்லை?

அதேதான். ஒரே ரூட்டருக்குள் தனித்தனி ரூட்டிங் அட்டவணைகளை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். பெரிய சேவை நிறுவனங்கள் இதை வைத்துத்தான் நூற்றுக்கணக்கான கம்பெனிகளின் 10.0.0.0 எண்களை ஒரே கம்பியில் ஓட்டுகின்றன. 2006 இல் வந்த ஆர்எஃப்சி 4364 இதை விவரிக்கிறது. நாலு பைட் ஐபி எண்ணுக்கு முன்னால் எட்டு பைட் அடையாளம் ஒன்றை ஒட்டிப் பன்னிரண்டு பைட்டாக்கிவிட்டால் இரண்டு கம்பெனியின் ஒரே எண்ணும் வேறு வேறாகிவிடும். "தர்கா" என்று ஒட்டினோமே, அந்த வேலையை இயந்திரம் செய்கிறது.

எங்கள் ரூட்டரில் விஆர்எஃப் வசதியே இல்லை. பதிவேட்டில் மட்டும் போடலாமா?

தாராளமாகப் போடலாம். பதிவேட்டில் இருக்கும் விஆர்எஃப் என்பது "இந்த எண்கள் இந்த எல்லைக்குள் மட்டும் பொருள்படும்" என்ற வாக்கியம். ரூட்டரில் அந்தப் பெயரில் ஒன்று இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவரிடம்கூட விஆர்எஃப் ஓட்டும் ரூட்டர் இல்லை.

எத்தனை எல்லை வைப்பது? விலானுக்கு ஒன்றா, ஊருக்கு ஒன்றா?

விலான் என்பது ஒரே கம்பியில் பிரித்து ஓட்டும் தனி நெட்வொர்க். ஆர்வக் கோளாறில் விலானுக்கு ஒன்று வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். எங்கள் சோதனை எளிது: இந்த இரண்டு இடங்களும் நடுவில் முகவரி மாற்றம் எதுவும் இல்லாமல் ஒன்றையொன்று பிங் செய்ய (அழைத்துப் பதில் பெற) முடியுமா, அல்லது ஃபயர்வாலைத் திறந்தால் முடியுமா? முடியும் என்றால் இரண்டும் ஒரே எல்லை. முடியாது என்றால் இரண்டு.

தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் இரண்டையும் விபிஎன் போட்டு இணைத்திருக்கிறார். ஊர் இரண்டு, எல்லை ஒன்று. இன்னொரு லாட்ஜில் ஒரே கட்டடத்துக்குள் விருந்தினர் வைஃபைக்குத் தனி ரூட்டர், அலுவலகத்துக்குத் தனி ரூட்டர், இரண்டும் 192.168.1.0/24. கட்டடம் ஒன்று, எல்லை இரண்டு. விலான் என்பது எல்லைக்குள் போடும் வேலி. ஃபயர்வால் தடுக்கிறது என்பதற்காக எல்லை மாறிவிடாது.

நெட்பாக்ஸில் சரியாக எங்கே, எதை அழுத்துவது?

நெட்பாக்ஸ் 2016 இல் திறமூலமாக வந்த மென்பொருள். அதில் எல்லைக்கு விஆர்எஃப் என்றே பெயர். வாடிக்கையாளருக்கு ஒரு டெனன்ட் (அவர் பெயரில் ஒரு பதிவு), அவருடைய ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு விஆர்எஃப் உருவாக்குங்கள். ரூட் டிஸ்டிங்விஷர் (மேலே சொன்ன எட்டு பைட் அடையாளம்) என்ற கட்டத்தை எங்களைப் போன்றவர்கள் காலியாக விடலாம். அதே பக்கத்தில் எண்கள் தனித்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தும் ஒரு டிக் கட்டம் இருக்கும். அதைக் கட்டாயம் போடுங்கள். போட்டால் அந்த விஆர்எஃபுக்குள் அதே சப்நெட்டையோ அதே ஐபியையோ இரண்டாம் முறை ஏற்காது. பெரியதற்குள் சின்னதை ஏற்கும்.

ஐபியை ஒப்பிடும்போது அது சாய்கோட்டைப் பார்ப்பதில்லை. 10.40.10.5/24 இருக்கும்போது 10.40.10.5/32 என்று நைசாகச் சேர்க்கப் பார்த்தாலும் பிடித்துவிடும். விஆர்ஆர்பி, எனிகாஸ்ட், விஐபி என்று குறித்த, பல சாதனங்கள் பகிர்ந்துகொள்ளும் முகவரிகள் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவை இரண்டு சாதனங்களில் இருப்பதுதான் அவற்றின் வேலையே.

பெரிய தொகுதிகளைக் கண்டெய்னர் என்ற நிலையிலும், பயன்பாட்டில் இருப்பவற்றை ஆக்டிவ் என்றும் வையுங்கள். அப்போது தாய், பிள்ளை மரம் ஒழுங்காகத் தெரியும்.

விஆர்எஃப் கட்டத்தைக் காலியாக விட்டால் அது "குளோபல்" என்ற பொது அட்டவணைக்குப் போய்விடும். எங்கள் வீட்டு விதி: குளோபலில் இணையத்தில் செல்லும் பொது எண்கள் மட்டும். அங்கே 192.168 என்று தொடங்கும் ஒன்று தெரிந்தால் யாரோ அவசரத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். வெள்ளிக்கிழமைதோறும் பார்த்து எழுதியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

வேறு மென்பொருள் வைத்திருக்கிறோம். அதில்?

பெயர்தான் மாறும். நாட்டோபாட் இரண்டாம் பதிப்பில் இதற்கு நேம்ஸ்பேஸ் என்று தனியாகவே ஒன்று வைத்துவிட்டார்கள், தனித்தன்மை அதற்குள்தான் பார்க்கப்படும். இன்ஃபோபிளாக்ஸில் நெட்வொர்க் வியூ. பிஎச்பிஐபேமில் செக்‌ஷனும் விஆர்எஃபும். என் கருத்தில் நாட்டோபாட் செய்ததுதான் சுத்தம். ரூட்டரில் இருக்கும் விஆர்எஃப் வேறு, எண்கள் தனித்திருக்க வேண்டிய எல்லை வேறு என்று பிரித்துவிட்டது. எங்கள் அளவுக்கு அதற்காக மாறத் தேவைப்படவில்லை.

ஒரே சப்நெட் வைத்திருக்கும் இரண்டு இடங்களை இணைத்தே ஆக வேண்டும். என்ன செய்வது?

மண்டபம் ஐஸ் கம்பெனிக்காரர் கீழக்கரையில் இன்னொன்றை விலைக்கு வாங்கினார். இரண்டிலும் 192.168.1.0/24. முதலாளி ஒரு திரையில் இரண்டு இடத்து வெப்பநிலையையும் பார்க்க வேண்டும் என்கிறார்.

ஒன்றுக்கு ஒன்று நாட் (ஐபி எண்ணை வழியில் வேறு எண்ணாக மாற்றும் ஏற்பாடு) போட்டோம். மண்டபம் வெளியே பார்வைக்கு 10.91.1.0/24, கீழக்கரை 10.91.2.0/24. கடைசி எண் மாறாது, ஆகவே மண்டபத்து 192.168.1.250 வெளியிலிருந்து 10.91.1.250. லினக்ஸ் ஐபிடேபிள்ஸில் நெட்மேப் என்ற இலக்கு இதற்கென்றே இருக்கிறது.

பதிவேட்டில் இதை எப்படி எழுதுவது என்பதுதான் நம் கேள்வி. மூன்று எல்லைகள்: மண்டபம் உள், கீழக்கரை உள், இரண்டுக்கும் பொதுவான இணைப்பு எல்லை. 192.168.1.0/24 முதல் இரண்டிலும் தலா ஒருமுறை. 10.91.1.0/24, 10.91.2.0/24 இரண்டும் மூன்றாவதில். பிறகு எந்த வெளி எண் எந்த உள் எண்ணைக் குறிக்கிறது என்ற தொடர்பு. நெட்பாக்ஸில் ஒவ்வொரு ஐபிக்கும் உள் நாட் முகவரி என்ற புலம் உண்டு. சப்நெட் முழுவதற்கும் கிடையாது, ஆகவே தனிப்புலம் ஒன்றை நாமே சேர்த்து "இதன் உள் சப்நெட் எது, எந்த விஆர்எஃபில்" என்று இணைத்தோம். இந்தத் தொடர்பை எழுதாமல் விட்டால் ஆறு மாதத்தில் 10.91 எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

நாட் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. செய்திக்குள்ளேயே தன் ஐபியை எழுதி அனுப்பும் மென்பொருள்கள் உண்டு. இணையத் தொலைபேசி அப்படி, பழைய எஃப்டிபியும் அப்படி. அவை 192.168.1.250 என்றே சொல்லும், எதிர்முனை தன் வீட்டு 250 ஐப் போய்த் தட்டும்.

இந்தச் சுற்று வேலைக்கு எண்ணையே மாற்றிவிடலாமே?

முடிந்தால் அதுதான் நல்லது. நாட் கடன் மாதிரி, மாதாமாதம் வட்டி கட்ட வேண்டும். ஆனால் மீன்பிடி சீசனில் ஐஸ் கம்பெனிக்குள் போய் "நாளைக்கு ஒரு மணி நேரம் எல்லாம் நிற்கும்" என்று சொல்லிப் பாருங்கள்.

எங்களுக்குத் தோதான காலம் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுகள் போகும், ஆகவே ஐஸ் முழுசாக நிற்காது, ஆனால் மூச்சு விட நேரம் கிடைக்கும். படகுகள் கரையேறி மராமத்தும் பெயின்டும் நடக்கும்போது நாங்களும் எங்கள் மராமத்தைப் பார்த்துக்கொள்கிறோம்.

மாற்றும் நாட்களில் ஒரே கம்பியில் பழைய சப்நெட்டும் புதிய சப்நெட்டும் சேர்ந்தே இருக்கும். பதிவேட்டில் புதியதை முன்கூட்டியே ரிசர்வ்டு என்று போட்டுவைத்து, ஓட ஆரம்பித்ததும் ஆக்டிவ் ஆக்கி, பழையதை டெப்ரிகேட்டட் ஆக்குங்கள். பழையதை உடனே அழிக்காதீர்கள். யாரோ ஒரு எடைமெஷினில் பழைய எண் உட்கார்ந்திருக்கும், அது மூன்றாம் மாதம்தான் வாயைத் திறக்கும். டிஎச்சிபி லீஸ் காலத்தை (கொடுத்த எண் செல்லுபடியாகும் நேரத்தை) மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே குறைத்துவிட்டால் போன்களும் கணினிகளும் தாமாகவே புதிய எண்ணுக்கு வந்துவிடும்.

பாம்பனிலிருந்து மண்டபத்துக்குக் கடல்மேல் ரேடியோ லிங்க் போட்டு ஒரே சப்நெட்டை இரண்டு பக்கமும் நீட்டியிருக்கிறோம். இது இரண்டு பதிவா?

ஒரே பதிவு. ரூட்டர் நடுவில் இல்லை, வெறும் பிரிட்ஜ் என்றால் அது நீளமான ஒரே சுவிட்ச் மாதிரி. சிக்கல் என்னவென்றால் சப்நெட்டுக்குப் பதிவேட்டில் ஒரு இடத்தைத்தான் கொடுக்க முடியும். இரண்டு தளங்களையும் ஒரு தளக்குழுவாக்கி, சப்நெட்டை அந்தக் குழுவுக்குக் கொடுத்துவிடுங்கள். நெட்பாக்ஸின் புதிய பதிப்புகள் இதை அனுமதிக்கின்றன. தளத்துக்கு ஒன்றாக இரண்டு முறை எழுத ஆசை வரும், வேண்டாம்.

ரூட்டரின் வெளிப்பக்கத்தில் 100.64 என்று தொடங்கும் எண் வருகிறது. அது பொது எண்ணா?

இல்லை. 100.64.0.0/10 என்பது சேவை நிறுவனங்கள் தங்கள் பெரிய நாட் ஏற்பாட்டுக்குப் பின்னால் வாடிக்கையாளர்களை அடுக்கிவைக்க 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 ஒதுக்கிய தொகுதி, 41,94,304 எண்கள். வேறு வேறு நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் இருவருக்கு ஒரே 100.64 எண் வரலாம். ஆகவே இதைக் குளோபலில் போடக் கூடாது. நிறுவனத்துக்கு ஒரு விஆர்எஃப் வைத்து அதில் போடுங்கள். வீட்டிலிருந்து கேமரா தெரியவில்லை என்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். போர்ட் திறந்து பயனில்லை, வெளியிலிருந்து உள்ளே வர அங்கே கதவே கிடையாது.

டாக்கர் (சர்வரில் மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி) தானாக எடுத்துக்கொள்ளும் 172.17.0.0/16 ஐயும் பதிய வேண்டுமா?

ஒவ்வொரு சர்வருக்கும் பதிய வேண்டாம். ஆனால் எந்த வாடிக்கையாளருக்கும் 172.17 ஐ ஒதுக்காதீர்கள். ஒதுக்கினால் டாக்கர் ஓடும் சர்வர் மட்டும் அவர்களுக்குப் பதில் சொல்லாது, காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும்.

நாங்களே சின்னதாக ஒரு பதிவேட்டு மென்பொருள் எழுதுகிறோம். டேட்டாபேஸில் எதைக் கவனிக்க வேண்டும்?

கல்லூரிப் பையன்கள் கேட்பது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே.

ஐபியைச் சாதாரண எழுத்தாகச் சேமிக்காதீர்கள். வரிசைப்படுத்தினால் 10.0.9.0 க்கு முன்னால் 10.0.10.0 வந்து நிற்கும். எது எதற்குள் என்று கேட்கவும் முடியாது. போஸ்ட்கிரெஸில் ஐநெட், சிடர் என்று இரண்டு வகைகள் இதற்கென்றே இருக்கின்றன. சிடர் வகை, மேலே சொன்ன 10.40.9.0/23 போன்ற தப்பான எழுத்தை ஏற்கவே ஏற்காது.

தனித்தன்மை விதியை எல்லை, சப்நெட் இரண்டுக்கும் சேர்த்து வையுங்கள். இங்கே பலர் விழும் ஒரு குழி இருக்கிறது. எல்லைப் புலத்தைக் காலியாக விட அனுமதித்தால் எஸ்கியூஎல் கணக்கில் ஒரு காலி இன்னொரு காலிக்குச் சமமில்லை. அதனால் எல்லை காலியாக இருக்கும் வரிகளில் ஒரே சப்நெட் நூறு முறை நுழைந்தாலும் விதி வாய் திறக்காது. சோதனையில் எல்லாம் சரியாக இருக்கும், பொது அட்டவணையில் மட்டும் இரட்டைகள் பெருகும். 2022 இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15 முதல் காலிகளையும் சமமாக எண்ணச் சொல்ல வழி உண்டு. ஆனால் "பொது" என்று நிஜமாகவே ஒரு எல்லையை வரியாக உருவாக்கி, புலத்தைக் கட்டாயமாக்கிவிடுவதையே நான் செய்வேன். காலி என்பதற்கு "பொது" என்றும் பொருள், "மறந்துவிட்டேன்" என்றும் பொருள் என்றால் பிறகு பிரித்துப் பார்க்க முடியாது.

மோதலையே தடுக்க எக்ஸ்குளூஷன் விதி என்று ஒன்று உண்டு. ஒரே எல்லையில், ஒன்றையொன்று தொடும் இரண்டு சப்நெட்டுகளை அது விடாது. அதை அப்படியே போட்டால் தாய், பிள்ளை அடுக்கும் போய்விடும், ஏனென்றால் பிள்ளையும் தாயைத் தொடுகிறதே. ஆகவே நேரடியாகச் சாதனங்களுக்குக் கொடுத்த கடைசிநிலைச் சப்நெட்டுகளுக்கு மட்டும் அந்த விதி பொருந்துமாறு நிபந்தனை சேர்த்துக்கொள்ளுங்கள். ரேஞ்சுகளுக்குத் தனியாக இன்னொன்று. பாதி மோதல் அங்கேதான் வரும்.

ஸ்கேன் செய்து தானாகவே நிரப்பினால் என்ன?

செய்யலாம், ஆனால் ஸ்கேன் செய்யும் பெட்டிக்குத் தான் எந்த எல்லைக்குள் நிற்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். இடத்துக்கு ஒரு சின்ன பெட்டி, அதன் அமைப்பிலேயே விஆர்எஃப் பெயர், அது அனுப்பும் ஒவ்வொரு வரியோடும் அந்தப் பெயர். நடுவில் ஒரே பெட்டியை வைத்து விபிஎன்களை மாற்றி மாற்றித் திறந்து ஸ்கேன் செய்தால் மண்டபத்துக் கம்ப்ரசர் கீழக்கரை லாட்ஜில் போய் உட்காரும். மறுபடி அதே கதை.

ஐபிவி6 (ஐபி எண்ணின் புதிய, நீளமான வடிவம்) வந்துவிட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடுமா?

பெரும்பாலும். அதில் உள் பயன்பாட்டுக்கான எண்களுக்கு 2005 இல் ஆர்எஃப்சி 4193 ஒரு நல்ல வழி வைத்தது. ஒவ்வொருவரும் 40 பிட் நீளத்துக்கு ஒரு எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு லட்சம் கோடிக்கு மேல் வாய்ப்புகள், இரண்டு கம்பெனிகள் ஒரே எண்ணில் விழுவது அபூர்வம். நம்ம ஆட்கள் குருட்டாம்போக்கில் எடுக்காமல் அழகாக இருக்கட்டும் என்று ஒன்று, பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதினால் பழைய குருடி கதவைத் திறடி. தவிர, ஐஸ் கம்பெனி கண்ட்ரோலர்களும் பண்ணையின் ஆக்சிஜன் மீட்டர்களும் இன்னும் பழைய ஐபியில்தான் பேசுகின்றன.

எக்செலை விட்டு வர இப்போதைக்கு முடியாது. என்ன செய்யலாம்?

இடது ஓரத்தில், ஐபி பத்திக்கும் முன்னால், "எல்லை" என்று ஒரு பத்தி சேருங்கள். காலியாக விட முடியாதபடி பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். அதற்கடுத்து இரண்டையும் ஒட்டி ஒரு பத்தி, அதில் இரட்டை வந்தால் சிவப்பாகும்படி நிபந்தனை. ஒரு மதியம் போதும்.

உங்கள் சொந்த ஆபீசில் என்ன எண் வைத்திருக்கிறீர்கள்?

போன தடைக்காலம் வரைக்கும் 192.168.1.0/24. சிரிக்காதீர்கள். கேபிள்காரர் மாட்டிவிட்டுப் போனது அப்படியே இருந்தது. இதில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. லேப்டாப் இருக்கும் இடமும் 192.168.1.0/24, விபிஎன் வழியே போக வேண்டிய இடமும் அதுவே என்றால், லேப்டாப் அந்த எண்ணைப் பக்கத்துச் சுவரிலேயே தேடும், சுரங்கத்துக்குள் எதையும் அனுப்பாது. ஆபீசிலிருந்து வேலை செய்ய முடியாமல் பையன்கள் போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக்கொண்டு வாடிக்கையாளருக்குள் போய்க்கொண்டிருந்தார்கள், டேட்டா காசை என்னிடம் கேட்டுக்கொண்டு. இப்போது 10.213.77.0/24. பிரிண்டர் மட்டும் இன்னும் பழைய எண்ணில் இருக்கிறது. அதன் மெனு கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை.